வயிறு, குடல், கல்லீரல்: மருத்துவ அறிக்கையின் சொற்களைப் பிரித்துப் படிக்கும் முறை

பெங்களூரில் வயிற்றுக் கோளாறுக்காக மருத்துவமனைக்குப் போய்த் திரும்பும் தமிழ்க் குடும்பத்தின் கையில் குறைந்தது மூன்று தாள்களாவது இருக்கும்: ஸ்கேன் அறிக்கை, இரத்தப் பரிசோதனை முடிவு, மருந்துச் சீட்டு. அறுவை சிகிச்சை நடந்திருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரியும் சேர்ந்துகொள்ளும். தாள்கள் ஆங்கிலத்தில் இருக்கும்; மருத்துவர் ஆங்கிலமும் கன்னடமும் கலந்து விளக்கியிருப்பார்; வீட்டில் காத்திருக்கும் பாட்டிக்கோ பெரியப்பாவுக்கோ அந்தச் செய்தி தமிழில் போய்ச் சேர வேண்டும். அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் வாழ்பவர்களுக்கும், கோலார் தங்கவயலிலிருந்து ரயிலில் வருபவர்களுக்கும், ஓசூர், கிருஷ்ணகிரியிலிருந்து பேருந்தில் வந்து இறங்குபவர்களுக்கும் இது பழகிய அனுபவம். தாளைப் படித்துச் சொல்லும் பொறுப்பு பெரும்பாலும் வீட்டில் ஆங்கிலம் படித்த ஒரு பிள்ளையிடம் வந்து சேர்கிறது. எங்கள் குடும்பத்தில் பல ஆண்டுகளாக அந்தப் பொறுப்பை ஏற்றிருப்பவள் நான். நான் மருத்துவர் அல்லள். சொற்களைச் சரியாகப் படிப்பதற்கும், படித்ததைப் பெரியவர்களிடம் பிழையின்றிச் சொல்வதற்கும் எனக்குக் கைகொடுத்த முறையை இங்கே எழுதுகிறேன். நோயைக் கண்டறிவதும் மருந்தை முடிவுசெய்வதும் மருத்துவரின் வேலை. அதற்கு இந்த முறை உதவாது, உதவவும் கூடாது.

இதைக் கற்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது ஒரே ஓர் இரவில்தான். மர்ஃபி டவுனில் இருக்கும் எங்கள் பெரியம்மாவுக்குப் பித்தப்பையில் கல் இருந்தது. மருத்துவர் எழுதிக் கொடுத்த ‘கோலெசிஸ்டெக்டமி’ என்ற சொல்லை என் தம்பி அவசரத்தில் ‘கோலெக்டமி’ என்று படித்துவிட்டான். கைபேசியில் தேடிப் பார்த்து, பெருங்குடலையே எடுத்துவிடப் போகிறார்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டான். அன்றிரவு அந்த வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. பித்தப்பையை மட்டும்தான் எடுக்கப்போகிறார்கள் என்பது மறுநாள் மருத்துவரை மீண்டும் பார்த்த பிறகுதான் தெளிவாயிற்று. நடுவில் இருந்த ஓர் அசையை விட்டுவிட்டதால் வந்த துயரம் அது.

விகுதியிலிருந்து தொடங்குங்கள்

பள்ளியில் ‘வந்தனன்’ என்ற சொல்லைப் பகுதி, சந்தி, விகாரம், இடைநிலை, சாரியை, விகுதி என்று பிரித்துப் படித்தது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். செரிமான உறுப்புகளைப் பற்றிய மருத்துவச் சொற்களில் பெரும்பாலானவை அதே வகையான பகுபதங்கள். அவற்றின் கூறுகள் கிரேக்கத்திலிருந்தும் இலத்தீனிலிருந்தும் வந்தவை என்றாலும் கட்டுமானம் நமக்குப் புதிதன்று. பகுதி எந்த உறுப்பு என்று சொல்கிறது. விகுதி அந்த உறுப்புக்கு என்ன ஆயிற்று, அல்லது என்ன செய்தார்கள் என்று சொல்கிறது. இரண்டுக்கும் நடுவில் பெரும்பாலும் ஓர் ‘ஓ’ வரும். அந்த ‘ஓ’வுக்குத் தனிப் பொருள் இல்லை, ஒலி இணைப்புக்காக நிற்கும் சாரியை என்று அதை எடுத்துக்கொள்ளலாம். ‘கேஸ்ட்ரோஸ்கோபி’ என்பது ‘கேஸ்ட்ர்’, ‘ஓ’, ‘ஸ்கோபி’ என்று பிரியும்: இரைப்பையை உள்ளே பார்த்தல்.

சொல்லின் முதலிலிருந்து படிக்காமல் கடைசியிலிருந்து படிக்கப் பழகுங்கள் என்பதே என் முதல் அறிவுரை. இது நோயின் பெயரா, பரிசோதனையின் பெயரா, அறுவை சிகிச்சையின் பெயரா என்பதை விகுதியே சொல்லிவிடும். வீட்டில் இருப்பவர்கள் முதலில் கேட்கும் கேள்வியும் அதுதான்.

‘ஐட்டிஸ்’ என்று முடிந்தால் அழற்சி. கேஸ்ட்ரைட்டிஸ் இரைப்பை அழற்சி, ஹெப்பட்டைட்டிஸ் கல்லீரல் அழற்சி, பாங்க்ரியடைட்டிஸ் கணைய அழற்சி, அப்பென்டிசைட்டிஸ் குடல்வால் அழற்சி. இங்கே ஒரு பிழை அடிக்கடி நேர்கிறது: ‘ஐட்டிஸ்’ என்றாலே கிருமித் தொற்று என்று மொழிபெயர்த்துவிடுகிறோம். அழற்சி கிருமியாலும் வரலாம், மதுவாலும் வரலாம், வலி மாத்திரைகளாலும் வரலாம், பித்தக்கல் இறங்கிக் கணையத்தின் வழியை அடைப்பதாலும் வரலாம். கணைய அழற்சியோடு படுத்திருப்பவரின் அருகில் குழந்தைகள் போகக் கூடாது என்று ஒரு வீட்டில் தடுத்து வைத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்த நோய் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டுவதில்லை.

கவனத்தை மிகவும் கேட்பவை அறுவை சிகிச்சையைக் குறிக்கும் மூன்று விகுதிகள்: ‘எக்டமி’, ‘ஒடமி’, ‘ஒஸ்டமி’. காதில் ஒன்றுபோல் விழும் இவற்றின் பொருள் வெகு தொலைவில் நிற்கிறது. ‘எக்டமி’ என்றால் வெட்டி எடுத்துவிடுதல். அப்பென்டெக்டமி செய்தவருக்குக் குடல்வால் இனி இல்லை. ‘ஒடமி’ என்றால் திறப்பதற்காக வெட்டுதல் மட்டுமே. லாப்பரோடமி என்பது வயிற்றைத் திறந்து பார்க்கும் அறுவை. ‘ஒஸ்டமி’ என்பது வாய் என்று பொருள்படும் ‘ஸ்டோமா’ என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. புதிதாக ஒரு திறப்பை உண்டாக்குதலை அது குறிக்கும். எனவே கோலெக்டமி பெருங்குடலையோ அதில் ஒரு பகுதியையோ எடுப்பது; கோலோஸ்டமி பெருங்குடலை வயிற்றுச் சுவரில் ஒரு வாய்போல் திறந்து, மலம் அங்கே பொருத்தும் பையில் சேரும்படி செய்வது.

‘ஒஸ்டமி’க்கு முன்னால் எத்தனை உறுப்புகள் நிற்கின்றன என்பதையும் எண்ணிப் பாருங்கள். ஓர் உறுப்பு நின்றால் பெரும்பாலும் அது வெளிப்புறமாகத் திறக்கப்பட்டிருக்கிறது. இரண்டு உறுப்புகள் நின்றால் அந்த இரண்டும் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டிருக்கின்றன. கேஸ்ட்ரோஸ்டமி என்பது இரைப்பைக்கு வெளியிலிருந்து உணவு செலுத்தக் குழாய் வைக்கும் திறப்பு. கேஸ்ட்ரோஜெஜுனோஸ்டமி என்பது இரைப்பையைச் சிறுகுடலின் நடுப்பகுதியோடு உள்ளேயே தைத்து இணைப்பது. வெளியே பை எதுவும் இருக்காது. ‘ஒஸ்டமி’ என்று கேட்டவுடன் வயிற்றில் பை வைத்துவிடுவார்கள் என்று அழத் தொடங்கும் குடும்பத்துக்கு இந்த ஒரு வேறுபாடு பெரிய ஆறுதல்.

மற்ற விகுதிகள் எளியவை. ‘ஸ்கோபி’ கருவியால் உள்ளே பார்த்தல், ‘கிராபி’ படம் எடுத்தல், ‘லித்தியாசிஸ்’ கல் இருத்தல், ‘மெகலி’ பெருத்திருத்தல், ‘ராஃபி’ தைத்துச் சேர்த்தல், ‘ப்ளாஸ்டி’ சீர்படுத்திக் கட்டுதல். ஹெர்னியோப்ளாஸ்டி என்றால் குடலிறக்கத்தைச் சரிசெய்து, பொதுவாக ஒரு வலையையும் வைத்துப் பலப்படுத்துவது. ‘ஓமா’ என்ற விகுதியைக் கண்டால் மட்டும் உடனே எந்த முடிவுக்கும் வராதீர்கள். கார்சினோமா புற்றுநோய், அடினோமா புற்றுநோய் அன்று, ஆனால் பெருங்குடலில் இருந்தால் ஆண்டுகள் பல கடந்து புற்றாக மாறக்கூடும் என்பதால் அதை அகற்றிவிடுகிறார்கள், ஹீமட்டோமா என்பது இரத்தம் ஓரிடத்தில் கட்டி நிற்பது மட்டுமே.

உறுப்பின் பெயர்கள்

உணவு போகும் வழியிலேயே நடந்து போனால் பகுதிகள் மனத்தில் நிற்கும். ‘ஈசோஃபேகோ’ உணவுக்குழாய், ‘கேஸ்ட்ரோ’ இரைப்பை, ‘என்டரோ’ பொதுவாகக் குடல், ‘கோலோ’ பெருங்குடல், ‘ப்ராக்டோ’ மலக்குடலும் ஆசனவாயும், ‘ஹெப்பட்டோ’ கல்லீரல், ‘ஸ்ப்ளீனோ’ மண்ணீரல். சிறுகுடலின் முதல் பகுதியான டியோடினத்தின் பெயரில் பன்னிரண்டு என்ற இலத்தீன் எண் ஒளிந்திருக்கிறது. அதன் நீளம் பன்னிரண்டு விரல் அகலம் என்று பழைய கிரேக்க மருத்துவர்கள் அளந்து சொன்னதே காரணம். நம் முன்னோர் விரற்கடையால் அளந்ததைப் போன்றதுதான் அது, இன்றைய கணக்கில் ஏறத்தாழ 25 சென்டிமீட்டர். அடுத்த பகுதியான ஜெஜுனத்துக்கு ‘வெறுமையானது’ என்று பொருள். இறந்த உடலைத் திறந்து பார்க்கும்போது அது காலியாகவே கிடந்தது. கடைசிப் பகுதி இலியம். இதனோடு ‘இலியஸ்’ என்ற சொல்லைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இலியஸ் என்பது குடலின் அசைவு நின்றுபோன நிலை, வயிற்று அறுவைக்குப் பின் சில நாள் பொதுவாக ஏற்படுவது. காலைச் சுற்றில் வரும் மருத்துவர் ‘காற்று பிரிந்ததா’ என்று விடாமல் கேட்பதன் காரணம் இதுதான். கூச்சப்படாமல் உண்மையைச் சொல்ல வேண்டிய கேள்வி அது.

இரைப்பை முடிந்து டியோடினம் தொடங்கும் இடத்துக்குப் பைலோரஸ் என்று பெயர். கிரேக்கத்தில் அதற்கு வாயிற்காவலன் என்று பொருள். ‘எச். பைலோரி’ என்று அறிக்கையில் வரும் கிருமியின் பெயர் இந்த இடத்திலிருந்து வந்தது. ஹெலிகோபாக்டர் என்றால் சுருள் வடிவக் கிருமி. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் 1982-ஆம் ஆண்டு பாரி மார்ஷலும் ராபின் வாரனும் இதை வளர்த்துக் காட்டினார்கள். 2005-இல் அதற்காக நோபல் பரிசு பெற்றார்கள். காரமும் கவலையும்தான் குடற்புண்ணுக்குக் காரணம் என்று இன்றும் வீடுகளில் சொல்கிறோம். ஆனால் புண்களில் பெரும்பங்குக்கு இந்தக் கிருமியும் வலி மாத்திரைகளுமே காரணம். கிருமி இருப்பது உறுதியானால், கொடுக்கப்பட்ட ஆன்டிபயாட்டிக் மாத்திரைகளை இடையில் நிறுத்தாமல் முழுமையாகச் சாப்பிட வேண்டும். ரசத்தை நிறுத்தினால் கிருமி போகாது.

‘கோலெ’ என்று தொடங்கும் சொற்கள்

எங்கள் வீட்டைக் கலங்கவைத்த இடம் இதுதான் என்பதால் இங்கே சற்று நின்று சொல்கிறேன். ‘கோலெ’ என்றால் பித்தம். ‘கோலோ’ என்றால் பெருங்குடல். தமிழில் எழுதினாலும் பேசினாலும் இரண்டும் ஒன்றோடொன்று இழைந்துவிடுகின்றன. ஆங்கிலத் தாளில் பார்க்கும்போது முதல் எழுத்தான ‘சி’யை அடுத்து ‘எச்’ நிற்கிறதா என்று கவனியுங்கள். நின்றால் அது பித்தம் தொடர்பானது, நிற்காவிட்டால் பெருங்குடல்.

பித்தச் சொற்களுக்குள்ளும் மூன்று படிகள் இருக்கின்றன. ‘கோலெசிஸ்ட்’ என்பதில் ‘சிஸ்ட்’ பை, ஆகவே பித்தப்பை. ‘கோலெடோக்கோ’ என்பது பித்தம் குடலுக்கு இறங்கும் பொதுக் குழாய். ‘கோலாஞ்ஜியோ’ என்பது கல்லீரலுக்குள்ளும் வெளியிலும் உள்ள பித்தநாளங்கள் அனைத்தும். இதிலிருந்து, கோலெலித்தியாசிஸ் பித்தக்கல், கோலெசிஸ்டைட்டிஸ் பித்தப்பை அழற்சி, கோலெடோக்கோலித்தியாசிஸ் பித்தப்பையிலிருந்து நழுவிப் பொதுக் குழாயில் சிக்கிய கல், கோலாஞ்ஜைட்டிஸ் பித்தநாள அழற்சி என்று பிரித்து அறியலாம். இவற்றின் அவசரம் ஒன்றுபோல் இல்லை. பையில் அமைதியாக இருக்கும் கல் பலருக்கு ஆண்டுக்கணக்கில் தொல்லை தருவதில்லை. குழாயில் சிக்கிய கல் காமாலையையும் கணைய அழற்சியையும் கொண்டுவரலாம். குளிர் காய்ச்சல், காமாலை, மேல்வயிற்று வலி மூன்றும் சேர்ந்து கோலாஞ்ஜைட்டிஸ் என்று எழுதப்பட்டிருந்தால் அது நாள் பார்த்துச் சேர வேண்டிய நோய் அன்று, அன்றே சேர வேண்டியது.

இந்த இடத்தில்தான் ‘ஈ.ஆர்.சி.பி.’ என்ற நான்கெழுத்துச் சுருக்கமும் வரும். இதுவும் பிரிக்கக்கூடியதே: ‘எண்டோஸ்கோபிக்’ உள்நோக்கிக் கருவியால், ‘ரெட்ரோகிரேட்’ எதிர்த்திசையில், ‘கோலாஞ்ஜியோ’ பித்தநாளமும் ‘பாங்க்ரியாட்டோ’ கணையமும், ‘கிராபி’ படம் எடுத்தல். பித்தம் மேலிருந்து குடலுக்கு இறங்கும் திசைக்கு எதிராக மருந்துநீரைச் செலுத்துவதால்தான் எதிர்த்திசை என்ற சொல் வந்தது. 1968-இல் தொடங்கிய இந்த முறை பெயரளவில் படமெடுப்பாக இருந்தாலும், இன்று பெரும்பாலும் குழாயில் சிக்கிய கல்லை எடுக்கவும், அடைப்பைத் தாண்டி ஸ்டென்ட் என்ற சிறு குழாயை வைக்கவும் பயன்படுகிறது. சிலருக்கு இதன் பின்விளைவாகக் கணைய அழற்சி வரக்கூடும் என்பதால், வெறும் ஸ்கேன்தான் என்று பெரியவர்களிடம் சொல்லிக் கையெழுத்து வாங்காதீர்கள். எம்.ஆர்.சி.பி. என்பதோ உண்மையிலேயே ஸ்கேன் மட்டும்தான். வாய் வழியாக எந்தக் கருவியும் போகாது.

பித்தப்பை அறுவை என்றதும் முதியவர்கள் விலாவின் கீழ் நீண்ட தழும்பை நினைக்கிறார்கள். 1882-இல் பெர்லினில் கார்ல் லாங்கன்புக் முதன்முதலில் பித்தப்பையை எடுத்த காலத்திலிருந்து ஒரு நூற்றாண்டுக்கு அப்படித்தான் இருந்தது. 1985-இல் ஜெர்மனியில் எரிக் மியூஹெ சிறு துளைகளின் வழியாக அதைச் செய்தார். 1990-இல் மும்பையில் தெஹெம்டன் உத்வாடியா இந்தியாவில் தொடங்கிவைத்தார். லாப்பரோஸ்கோபிக் என்ற அடைமொழி அந்தத் துளை முறையைக் குறிக்கிறது. சம்மதப் படிவத்தில் ‘தேவைப்பட்டால் திறந்த அறுவைக்கு மாற்றப்படும்’ என்று ஒரு வரி இருக்கும். உள்ளே ஒட்டுதல் அதிகமாக இருந்தாலோ இரத்தக்கசிவு கட்டுப்படாவிட்டாலோ மருத்துவர் எடுக்கும் பாதுகாப்பான முடிவு அது. அதைத் தோல்வி என்று வீட்டில் சொல்ல வேண்டாம்.

பிரிக்க முடியாத பெயர்கள்

எல்லாமே காரணப்பெயர்கள் அல்ல. ஆட்களின் பெயரால் வழங்கும் சொற்களை எவ்வளவு முயன்றாலும் பிரிக்க முடியாது. அவற்றை இடுகுறிப்பெயர்போல் அப்படியே கற்றுக்கொள்ள வேண்டும். க்ரோன் நோய் 1932-இல் அதை விவரித்த பரில் க்ரோனின் பெயரால் வழங்குவது, குடலின் எப்பகுதியையும் தாக்கக்கூடிய நாட்பட்ட அழற்சி. விப்பிள் அறுவை என்பது கணையத்தின் தலைப்பகுதியையும் டியோடினத்தையும் சேர்த்து எடுக்கும் பெரிய சிகிச்சை. பாரெட் உணவுக்குழாய் என்பது நெடுநாள் அமில எதுக்களிப்பால் உணவுக்குழாயின் உட்சுவர் மாறியிருப்பது. மர்ஃபி டவுனில் இருப்பவர்கள் தங்கள் அறிக்கையில் ‘மர்ஃபி பாசிட்டிவ்’ என்று பார்த்தால், அதற்கும் ஊர்ப்பெயருக்கும் தொடர்பு இல்லை என்று அறிக. வலது விலாவின் கீழ் அழுத்திக்கொண்டு மூச்சை இழுக்கச் சொல்லும்போது வலியால் மூச்சு நின்றுவிடுவதை விவரித்த சிகாகோ அறுவை மருத்துவரின் பெயர் அது. பித்தப்பை அழற்சிக்கான அடையாளம்.

நம் சொற்களை மருத்துவரிடம் கொண்டுசெல்லுதல்

இதுவரை சொன்னது தாளிலிருந்து வீட்டுக்கு வரும் வழி. வீட்டிலிருந்து மருத்துவரிடம் போகும் வழி இதைவிடக் கடினமானது என்பது என் கருத்து, ஏனென்றால் நாம் பயன்படுத்தும் சில சொற்கள் நோயை மறைத்துவிடுகின்றன.

‘வயிறு’ என்று நாம் சொல்லும்போது விலாவின் கீழிருந்து இடுப்புவரை எல்லாமே அடங்கும். எங்கே வலிக்கிறது என்று விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். வலியின் தன்மைக்கு நம் மொழியில் இருக்கும் வளத்தை வீணாக்காதீர்கள்: எரிச்சல், குத்தல், பிசைதல், முறுக்கல், பொருமல், உப்புசம் ஒவ்வொன்றும் வேறு. விட்டு விட்டு முறுக்கிப் பிடிக்கும் வலியைத்தான் மருத்துவர்கள் ‘காலிக்’ என்கிறார்கள். மலம் கழித்த பிறகும் இன்னும் வர வேண்டும்போல் இருக்கும் தொல்லையை அவர்கள் ‘டெனஸ்மஸ்’ என்கிறார்கள். நம் பாட்டிமார் அதை ஒரே சொல்லில் ‘கடுப்பு’ என்பார்கள். நோயாளி சொன்ன சொல்லை விளக்கத்தோடு அப்படியே சொல்லுங்கள். எல்லாவற்றையும் ‘வயிற்று வலி’ என்று சுருக்கிவிடாதீர்கள்.

மிகவும் கவலை தரும் சொல் ‘கேஸ்’. மேல்வயிற்றில் அழுத்தம், நெஞ்சில் பிடிப்பு, ஏப்பம், வியர்வை என்று எது வந்தாலும் கேஸ் என்று பெயரிட்டு, ஓமத்தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்கிறோம். மாரடைப்பும் மேல்வயிற்று வலியாகவும் குமட்டலாகவும் வரும். நீரிழிவு உள்ளவர்களுக்கும் முதியவர்களுக்கும் அப்படி வருவது அரிதன்று. வியர்வையோ மூச்சுத் திணறலோ சேர்ந்த நெஞ்செரிச்சலுக்கு முதலில் ஈ.சி.ஜி. எடுங்கள், பெயர் வைப்பதைப் பிறகு பார்க்கலாம்.

அடுத்தது ‘மூலம்’. மலத்தில் இரத்தம் என்றாலே மூலம் என்று முடிவுகட்டி, கருணைக்கிழங்கும் களிம்புமாகப் பல மாதங்கள் கடந்துவிடுகின்றன. ஆசனவாய் வெடிப்பும், பௌத்திரமும், பெருங்குடல் அழற்சியும், புற்றுநோயும்கூட இரத்தமாக வரலாம். இரத்தத்தின் நிறத்தைச் சொல்லுங்கள். சிவந்து வந்தால் ஹெமட்டோகீசியா என்று எழுதுவார்கள். தார்போல் கறுத்து, ஒட்டிக்கொண்டு, கடும் நாற்றத்தோடு வந்தால் மெலீனா. இரைப்பையிலோ டியோடினத்திலோ இரத்தம் கசிந்து செரிமானமாகி இறங்குவதன் அடையாளம் அது. இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும் என்பதால் அந்த மாத்திரை சாப்பிடுவதையும் மறக்காமல் சொல்ல வேண்டும். வாந்தி ‘காபி கிரவுண்ட்’ போல இருந்ததா என்று கேட்டால், அவர்கள் டிகாக்‌ஷனைக் கேட்கவில்லை. ஃபில்டரின் மேல்தட்டில் மிஞ்சும் சக்கையைப் போலக் கரும்பழுப்புத் துகள்களாக இருந்ததா என்று கேட்கிறார்கள். அதுவும் இரத்தம்தான். கருமலமோ இரத்த வாந்தியோ இருந்தால் வெளிநோயாளர் பிரிவில் சீட்டு வாங்கி வரிசையில் உட்காராமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

‘காமாலை’ ஒரு நோயின் பெயர் அன்று, ஓர் அடையாளம். கண்ணும் தோலும் மஞ்சளாவது இரத்தத்தில் பிலிருபின் என்ற மஞ்சள் நிறப்பொருள் கூடியதால். அது வைரஸ் தாக்கிய ஹெப்பட்டைட்டிஸாலும் கூடும், கல்லோ கட்டியோ பித்தக்குழாயை அடைப்பதாலும் கூடும், இரத்த அணுக்கள் அளவுக்கு மீறி அழிவதாலும் கூடும். காரணம் தெரியாமல் பச்சிலை கொடுத்து நாளைக் கடத்தினால் அடைப்பு அடைப்பாகவே இருக்கும். அதேபோல ‘போர்ட்டல் ஹைப்பர்டென்ஷன்’ என்பதை இரத்தக் கொதிப்பு என்று மொழிபெயர்க்காதீர்கள். கையில் பட்டை கட்டி அளக்கும் அழுத்தத்துக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. குடலிலிருந்து கல்லீரலுக்குப் போகும் பெரிய சிரையில் அழுத்தம் கூடியிருப்பதே அது. கல்லீரல் இறுகிச் சுருங்கும் சிர்ரோசிஸில் இது வரும். அதன் தொடர்ச்சியாக வரும் ‘அசைட்டிஸ்’ என்பதை நம் பழைய மருத்துவம் மகோதரம் என்றது, வீட்டில் வயிற்றில் நீர் கோத்துக்கொண்டது என்கிறோம்.

சிவாஜிநகர் பௌரிங் மருத்துவமனை போன்ற இடங்களில் தமிழ் பேசும் ஊழியர்களைக் காணலாம். எல்லா இடத்திலும் அப்படி அமையாது. சில கன்னடச் சொற்களை அறிந்து வைத்தால் செவிலியரின் கேள்விகள் புரியும். ‘ஹொட்டெ நோவு’ வயிற்று வலி, ‘கருளு’ குடல், ‘மூலவ்யாதி’ மூலம். வாந்தி, பேதி இரண்டும் அவர்களுக்கும் அதேதான். நம் பகரம் அங்கே பல சொற்களில் ஹகரமாகும்: பால் ‘ஹாலு’, பல் ‘ஹல்லு’. ஆகவே வயிற்றில் ‘ஹுண்ணு’ என்றால் புண்.

சிறு சொற்களும் சுருக்கங்களும்

‘அக்யூட்’ என்றால் திடீரென்று தொடங்கியது, ‘க்ரானிக்’ என்றால் நாட்பட்டது. எது ஆபத்தானது என்று இவை சொல்வதில்லை. ஸ்கேன் அறிக்கையில் ஓர் உறுப்பின் எதிரே ‘அன்ரிமார்க்கபிள்’ என்று இருந்தால் குறிப்பிடத்தக்க குறை ஒன்றும் இல்லை என்று பொருள். நோயின் பெயருக்கு முன் கேள்விக்குறி இருந்தால் அது ஐயம் மட்டும்; கேள்விக்குறியை விட்டுவிட்டு நோயின் பெயரை மட்டும் வீட்டில் சொல்வது பெரும் பிழை. ‘நெகட்டிவ்’ என்றால் தேடியது கிடைக்கவில்லை. மருந்துச் சீட்டில் ‘ஏ.சி.’ உணவுக்கு முன், ‘பி.சி.’ உணவுக்குப் பின், ‘எஸ்.ஓ.எஸ்.’ தேவைப்பட்டால் மட்டும். கடைசியானது அபாய அறிவிப்பு அன்று. பான்டோப்ரசோல் போன்ற அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகளைக் காலை உணவுக்கு அரை மணி நேரம் முன்பு சாப்பிட்டால்தான் முழுப் பயன் கிடைக்கும்.

‘என்.பி.எம்.’ என்பதை மட்டும் எழுத்துப் பிசகாமல் கடைப்பிடியுங்கள்: வாய் வழியாக எதுவும் தரக் கூடாது. எண்டோஸ்கோபிக்கு முன் பொதுவாக ஆறு முதல் எட்டு மணி நேரம் வயிறு காலியாக இருக்கச் சொல்வார்கள். வெறும் வயிற்றோடு இருக்கிறாரே என்று இரக்கப்பட்டு இளநீரோ அரை டம்ளர் காபியோ கொடுத்துவிட்டால், மயக்கத்தில் வாந்தி வந்து நுரையீரலுக்குள் போகும் ஆபத்து உண்டு. தண்ணீரை எத்தனை மணிவரை குடிக்கலாம் என்று முதல் நாளே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கோலோனோஸ்கோபிக்குக் கொடுக்கும் பொடி மருந்தை முழு அளவும் குடிக்க வேண்டும்; கடைசியில் மலம் வெளிர் மஞ்சள் தண்ணீராக வர வேண்டும். அதைப் பாதியில் நிறுத்தினால் உள்ளே எதுவும் தெரியாமல் எல்லாவற்றையும் மறுபடி செய்ய நேரும். இரத்தத்தை இளக்கும் மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை, நீரிழிவு மருந்து சாப்பிடுபவர்கள் அவற்றை எப்போது நிறுத்துவது, மாற்றுவது என்பதை மருத்துவரிடம் கேட்டே செய்ய வேண்டும்.

டிஸ்சார்ஜ் சம்மரியின் கடைசிப் பக்கத்தில் பலரும் பார்க்கத் தவறும் ஒரு வரி உண்டு: ‘எச்.பி.இ. அவெய்ட்டட்’. எடுக்கப்பட்ட பித்தப்பையையோ குடல்வாலையோ பாலிப் என்ற சதை வளர்ச்சியையோ திசு ஆய்வுக்கு அனுப்பியிருக்கிறார்கள், முடிவு இன்னும் வரவில்லை என்று பொருள். நோயாளி வீட்டுக்கு வந்து சில நாள் கழித்துத்தான் அது தயாராகும். தையல் ஆறிவிட்டது, வலி இல்லை என்று அந்த அறிக்கையை வாங்காமலேயே விட்டுவிடும் குடும்பங்கள் இருக்கின்றன. எடுத்த உறுப்பில் யாரும் எதிர்பாராத புற்றுநோய் சில நேரங்களில் தெரியவருவது அந்தத் தாளில்தான். வீட்டு நாட்காட்டியில் அந்தத் தேதியைக் குறித்துவைத்து, வாங்கிய தாளை மருத்துவரிடமே காட்டிக் கேளுங்கள்.

பெரியம்மாவின் அறிக்கையை வாங்க என் தம்பிதான் போனான். மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்து, அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, தாளில் இருந்த ‘க்ரானிக் கோலெசிஸ்டைட்டிஸ், நெகட்டிவ் ஃபார் மாலிக்னன்சி’ என்ற வரியை ஒவ்வொரு சொல்லாகப் பிரித்துச் சொன்னான்: நாட்பட்டது, பித்தம், பை, அழற்சி; புற்றுநோய் தேடினார்கள், இல்லை.